டாக்டர் என்றால் மருத்துவர் மட்டுமா?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுத்த பெண் பிள்ளையிடம் “என்னவாகப் போகிறாய்?” என்று எவரும் கேட்பதில்லை. “டாக்டர்தானே!” என்று தாங்களே முடித்துவிடுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டால் இரண்டாம் தடவை, பிறகு மூன்றாம் தடவை. அதற்கும் பிறகு வீட்டில் ஒரே மௌனம். கலாநிதிப் பட்டம் பெற்றவரும் டாக்டர்தான் என்பதை அந்த வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அப்பட்டத்துக்கு வழிவிடும் ஒரு துறையைப் பற்றியே எழுதுகிறேன்: நன்னீர்ச் சாகியச் சூழலியல்.

பெயர்தான் நீளம். ஓரிடத்தில் சேர்ந்து வாழும் பல இனங்களின் குடித்தொகைகளே சாகியம் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு குளத்தில் எது எதைத் தின்கிறது, எது எதன் இடத்தைப் பிடிக்கிறது, ஒன்று இல்லாமற்போனால் மற்றவற்றுக்கு என்ன நடக்கும் என்று தேடுவதே இத்துறை.

இதற்கு இலங்கையைப் போலப் பொருத்தமான நாடு குறைவு என்பேன். இங்கு பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. எமது குளங்கள் மனிதர் கட்டியவை. அவற்றிலுள்ள சுதேச மீன்கள் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வந்தவை. 1952 இல் ஆபிரிக்காவுக்குரிய திலாப்பியா இங்கு கொண்டுவரப்பட்டது. சில பத்தாண்டுகளில் குளத்து மீன்பிடியின் பெரும்பங்கு அதுவாகிவிட்டது. ஏன்? ஏரி வாழ்வுக்குப் பழகிய மீன்கள் இங்கு இல்லாததால் அதற்கு இடம் கிடைத்தது என்று விளக்கியவர் நன்னீர் உயிரியலாளர் சி.எச். பெர்னாண்டோ. பகல் சோற்றுக்குப் பொரித்து வைக்கும் மீனுக்குப் பின்னால் இப்படி ஒரு கேள்வி! மழைக்காட்டு ஓடைகளில் கதை வேறு. அங்குள்ள மீனினங்கள் உணவையும் இடத்தையும் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றன என்று பீட்டர் மொயிலும் ரணில் சேனாநாயக்கவும் ஆராய்ந்து 1984 இல் வெளியிட்டார்கள். எமது நன்னீர் நண்டுகளோ ஏறத்தாழ 50 இனங்கள். அநேகமாக எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றை ஆராய இங்குள்ளவர்கள் முன்வராவிட்டால் யார் வருவார்?

“நல்லதுதான், காசு?” என்று வாப்பாமார் கேட்பது நியாயம். நெதர்லாந்து, நோர்வே, சுவீடன் போன்ற நாடுகளில் கலாநிதிப் பட்ட ஆய்வாளர் பொதுவாகச் சம்பளம் பெறும் ஊழியர். அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ பணியாற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் விலக்கப்பட்டு மாதப்படியும் கிடைக்கிறது. பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் ஜெர்மனியின் டாட் புலமைப்பரிசிலும் இருக்கின்றன. உள்நாட்டில் பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் உண்டு. இலட்சக்கணக்கில் செலவழித்து மருத்துவம் படிக்கப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பத் துணியும் பெற்றோர், சம்பளம் தந்து படிக்கவைக்கும் இடத்தை ஏன் விசாரித்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனால் இலகுவான பாதையென்று சொல்லமாட்டேன். முதலில் நல்ல விஞ்ஞானப் பட்டம் வேண்டும். ஐரோப்பாவில் அநேகமாக முதுமாணியும் கேட்பார்கள். விரும்பும் பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரைகளை வாசித்து, அதைப் பற்றியே அவருக்கு எழுத ஆங்கிலம் வேண்டும். புள்ளிவிபரவியலும் கட்டாயம். உயிரியல் எடுத்தால் கணக்கிலிருந்து தப்பலாம் என்று நினைக்கும் தோழிகளுக்கு இது கெட்ட செய்தி.

“பெண் பிள்ளை குளத்தில் இறங்குவதா?” என்பது உம்மாமாரின் கேள்வி. களவேலை உண்டு, அதற்குக் குழுவாகச் செல்வதே வழக்கம். நுணுக்குக்காட்டியின் முன்னும் கணினியின் முன்னும் கழியும் நாட்களும் ஏராளம். அமெரிக்கரான ரூத் பற்றிக் 1934 இல் கலாநிதியானவர். பிலடெல்பியாவின் இயற்கை விஞ்ஞானக் கழகத்தில் பல வருடங்கள் ஊதியமின்றி வேலை செய்தார். ஓடையில் எத்தனை வகை உயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன என்பதைக் கொண்டே அந்நீரின் நலத்தை அறியலாம் என்று காட்டியவர் அவர். தூர தேசத்தில் தனியாக இருப்பது பற்றிய கவலை உண்மையானது. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அது மருத்துவம் படிக்கப் போகிறவளுக்கும் உள்ள கவலைதானே!

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதுவோம். முதலிடத்தில் மருத்துவத்தை எழுதுங்கள், பிழையில்லை. அதற்குக் கீழே உயிரியல் விஞ்ஞானத்தை எழுதும்போது மட்டும், உம்மாவும் வாப்பாவும் பெருமூச்சு விடாமல் பக்கத்தில் இருக்கட்டும்.