பாத்திரம் கழுவும் தண்ணீரிலும் பாடம் இருக்கு!



"சமையலறைக்கும் சயின்ஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். நிறைய சம்பந்தம் இருக்கு என்பதே என் கருத்து.

கடலை எண்ணெயில் அதிகம் உள்ள கொழுப்பு அமிலம், ஒலியிக் அமிலம். அதன் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலையான கார்பாக்சில் தொகுதிக்குத் தண்ணீர்னா ரொம்பப் பிடிக்கும். 17 கார்பன் கொண்ட நீள வாலுக்கோ தண்ணீரே ஆகாது. பாவம், என்ன செய்யும்? தலையை நீரில் வைத்து, வாலை வெளியே நீட்டிக்கொண்டு நாற்றங்காலில் நாற்று மாதிரி நீர்ப்பரப்பில் நிற்கும். பக்கத்துப் பக்கத்து வால்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். இந்தப் படலத்தின் தடிமன் சுமார் 2 நானோமீட்டர்தான்! வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தில் மொத்தமே 2 கார்பன். வால் குட்டை, அதனால் தண்ணீரில் கலந்துவிடும். வால் நீள நீள, மேற்பரப்பில் சேரும் குணமும் கூடும்.

இப்படிப்பட்ட படலங்களை அளக்க வழிகாட்டியவர் யார் தெரியுமா? ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ் (1862–1935). அவர் இளமையில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. வீட்டுவேலை பார்த்துக்கொண்டே, ஒரு தொட்டியில் நீர் நிரப்பி, மேலே தகரப் பட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். படலத்தை ஓர் எல்லைவரை நெருக்கினால் பரப்பு இழுவிசை மாறவில்லை. அதைத் தாண்டி நெருக்கினால் சட்டென்று குறைந்தது! இதை அவர் கடிதமாக எழுத, இராலே பிரபு அதை 1891-ல் 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். பின்னாளில் இதே துறையில் லாங்முயருக்கு 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது.

"பாத்தியா, காலேஜ் போகாமலே சாதிச்சுட்டாங்க!" என்று சிலர் சொல்லலாம். நான் ஒத்துக்க மாட்டேன். இயற்பியல் படித்த தம்பி கொடுத்த புத்தகங்கள் அவருக்குக் கைகொடுத்தன. அப்படித் தம்பி இல்லாத பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் கண்டுபிடித்திருக்கக்கூடியது எல்லாம் எங்கே போச்சு?

பரப்பு இழுவிசையின் வரையறையை நாம் மனப்பாடம் செய்கிறோம். அது மட்டும் போதாது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மிளகுத்தூள் தூவி, நடுவில் சோப்பு தொட்ட விரலை வையுங்கள். தூள் ஓரத்துக்கு ஓடும்! சோப்பும் கொழுப்பு அமிலத்தின் உப்புதானே!

"பொம்பளைப் பிள்ளை, பாத்திரத்தைக் கழுவு, பையன் படிக்கட்டும்" என்பதை இனியாவது விடுவோம். பாத்திரத்தையும் பங்கு போடுவோம், புத்தகத்தையும் பங்கு போடுவோம். நீங்க என்ன சொல்றீங்க?