முகத்தில் எண் இருக்கட்டுமே

என் பெரியப்பா மகன் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். பின்னால் எண் பட்டை உண்டு, முன்னால் இல்லை. "பம்பரில் ஓட்டை போட்டால் அழகே போயிடும் லா" என்கிறார்.

என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற ஆண்டு எங்கள் தாமானில் ஒரு கார் தாத்தாவின் மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டு, பின்னோக்கியே போய் வளைவில் மறைந்தது. கீழே கிடந்த தாத்தா பார்த்தது அதன் முன்பக்கத்தை மட்டும்தான். அங்கே எண் இல்லை. போலீஸ் புகாரில் 'வெள்ளைக் கார்' என்று எழுதினோம். நாட்டில் வெள்ளைக் காருக்கா பஞ்சம்?

மலேசியாவில் காரின் முன்னும் பின்னும் எண் பட்டை கட்டாயம். எழுத்தின் உயரம்கூட 70 மில்லிமீட்டர் என்று விதி உண்டு. தூரத்தில் நிற்பவரும் படிக்க வேண்டுமே!

ஓட்டை போடாமலும் வழி இருக்கிறது, நண்பர்களே. கார் பழுதானால் இழுத்துச் செல்லும் கொக்கியைத் திருக, பம்பரில் ஏற்கெனவே ஒரு துளை இருக்கும். அதில் திருகும் தாங்கியில் பட்டையை ஓரமாகப் பொருத்தலாம். ரேடியேட்டருக்குப் போகும் காற்றும் அதிகம் தடைபடாது. பிரித்தால் பம்பரில் தழும்பும் இல்லை.

இதைக் காட்டியதும் அண்ணன் தாங்கிக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பொருத்தியதும் முதல் சுற்று தாத்தாவோடுதானாம். இரண்டே இருக்கை, எனக்கு இடமில்லை.