மோட்டார் வர்த்தகத்தில் ஒரு கனவான்

மகா ஸ்ரீ ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையில் மோட்டார் வர்த்தகத்தைப் பற்றி வெளியான கட்டுரை, எந்தக் காரியமானாலும் மதுரையை நோக்கியே பிரயாணம் புறப்படும் எங்கள் வத்திராயிருப்பு வாசிகளுக்கு, டி.வி.சுந்தரம் ஐயங்காரை ஞாபகமூட்டியது. 1877-இல் திருக்குறுங்குடியில் ஜனித்து, வக்கீல் தொழிலையும் ரயில்வே உத்தியோகத்தையும் விட்டு, மாட்டு வண்டியே வாகனமென்றிருந்த காலத்தில், 1911-இல் மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கியவர் அவர். பஸ் நடத்தியதோடு நில்லாது, ஜெனரல் மோட்டார்ஸ் கார்களை விற்று, விற்ற வண்டியைப் பழுதுபார்ப்பதையும் தம் பொறுப்பாகவே கொண்டதும், இரண்டாவது உலக யுத்த காலத்துப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுச் சாதனங்களைச் செய்து வண்டிகளை ஓட வைத்ததும், விற்பனை என்பது பணம் கைமாறியவுடன் முடிந்துவிடும் சம்பந்தமன்று என்னும் தர்மத்தை அவர் அறிந்திருந்தமைக்குச் சாட்சிகளாகும்.

குடும்பத் தலைவர் என்ற ஸ்தானத்திலோ அவர் இன்னும் உயர்ந்தவர். புதல்வர்களைத் தொழிலில் பழக்கியதைக் காட்டிலும், இளமையிலேயே கணவனை இழந்த மகள் சௌந்தரத்தை, வைதிகக் கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்த அந்நாளில், டில்லி வரை சென்று வைத்தியம் படிக்கச் செய்ததே பெரிது. அந்தப் புதல்வியே பின்னர் 1947-இல் காந்திகிராமம் என்னும் கிராமச் சேவை ஸ்தாபனம் தோன்றக் காரணமானார்.

சுந்தரம் ஐயங்கார் 1955-இல் மறைந்தார். இத்தகையோரின் சரித்திரத்தை, சினிமாச் செய்திகளுக்கு அளிக்கும் இடத்தில் ஒரு பாகமேனும் ஒதுக்கி, தொடர்ந்து பிரசுரிக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
வத்திராயிருப்பு.