ஆள் இல்லை, ஆனால் ஆஜர்!

டோபமைன் கொண்டுவரும் சேதியை மூளை செல்களில் வாங்கிக்கொள்ள ஒரு புரோட்டீன் இருக்கிறது. ஏற்பி என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று பார்க்க முயலைப் பிடிக்கிறார்கள். புரோட்டீனில் ஒரு துண்டை ஊசியில் ஏற்றினால், 'யாரடா புது ஆசாமி?' என்று முயல் எதிர்ப்பொருள் தயாரிக்கும். அதைப் பிரித்தெடுத்து, சாயம் ஏற்றி, மூளைச் சீவலில் விட்டால் சரியான ஆளிடம் போய் ஒட்டிக்கொள்ளும்.

சரியான ஆள்தானா? அதற்கும் பரீட்சை உண்டு. அந்தப் புரோட்டீனுக்கான ஜீனையே நீக்கின சுண்டெலியின் மூளையில் விட்டுப் பார்க்கணும். ஒட்டவே கூடாது. 2009-ல் ஒரு மருந்தியல் இதழில் வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. கடையில் விற்கிற ஏற்பி எதிர்ப்பொருள்களில் பல, ஆளில்லாத வீட்டிலும் ஜோராக ஒட்டினவாம்! அதுகளை நம்பி வருஷக்கணக்கில் படம் எடுத்தவர்கள் கதி?

முயலைத் திட்டாதீர்கள். அதற்குக் காட்டியது ஒரு துண்டு மூக்கு. அதே மூக்கு வேறொருத்தருக்கும் இருந்தால் அது என்ன செய்யும், பாவம்!