‘இடையிடையே’ வரும் காற்று... இழுத்துப் பிடிச்சா விழுவீங்க, கூடவே போனா தப்பிப்பீங்க!

வானிலை அறிக்கையை டி.வி-யில் கவனித்திருப்பீர்கள். ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும்’ என்பார்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று முடிப்பார்கள். 45, 55, 65 எல்லாம் காதில் விழும். அந்த ‘இடையிடையே’ மட்டும் விழாது. எனக்கும் விழுந்ததில்லை, ராமேஸ்வரம் பக்கம் ஒரு பலகை மேல் ஏறி நின்று பாயைக் கையில் பிடிக்கும் வரை!

இந்த வாரம் விண்ட்சர்ஃபிங். தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். அலைச்சறுக்குப் பலகை மாதிரி ஒரு போர்டு. அதில் ஒரு பாய்மரம். மரத்தின் அடியில் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு மூட்டு. பாயின் இருபுறமும் வளைந்து செல்லும் ‘பூம்’ என்ற கைப்பிடி. சுக்கான் கிடையாது, பாயைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹோய்ல் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் இருவரும் 1968-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு வீரர் இபாத் அலி இதில் வெண்கலம் வென்றார்.

இரண்டு நாள் பயிற்சியில் குறுக்குக் காற்றில் போகவும் வரவும் ஓரளவு பழகியிருந்தேன். மூன்றாம் நாள், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும் பாடம். ‘அதான் காத்தே தள்ளிடுமே, சும்மா நின்னா போதும்’ என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் மூன்று முறை விழுந்தேன். மூன்றும் மூன்று விதம்.

மூன்று விழுகை

அது ஆகஸ்ட் மாதம். மீனவர்கள் ‘கச்சான்’ என்று சொல்லும் காற்று அடிக்கும் பருவம். பாக் விரிகுடா பக்கக் கரையில் நின்றால், இந்தக் காற்று நிலத்தின் மேலாக வந்து கடலை நோக்கிப் போகும். அதனால் அலை எழும்பாது, கரையோரத் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். பார்க்கும்போது ‘இதுல என்ன ஆபத்து?’ என்றுதான் தோன்றும். ஆனால், அந்தக் காற்று பனை, தென்னை, வீடு எல்லாவற்றிலும் இடித்துச் சிதறி வருகிறது. வெயிலில் சூடான தரை மேலிருந்து காற்று எழும்ப, மேலே வேகமாக ஓடும் காற்று இடையிடையே கீழே இறங்கும். ஒரு நிமிடம் மெதுவாக வீசும், அடுத்த நிமிடம் பிடரியில் தள்ளும்.

முதல் தள்ளல் வந்தபோது பயத்தில் கால்களை விறைப்பாக்கி நிமிர்ந்து நின்று, பூமை இறுக்கிப் பிடித்தேன். பாய் என்னையும் சேர்த்து முன்னால் இழுத்தது. போர்டின் மூக்கு தண்ணீரில் குத்த, நான் பாய் மேலே போய் விழுந்தேன்.

அடுத்த முறை உஷாராக, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தேன். தாங்கியது. ஆனால், காற்று சட்டென்று நின்றுபோனது. பிடித்திருந்த கயிறு அறுந்த மாதிரி மல்லாக்க விழுந்தேன்.

மூன்றாவது முறை, காற்று கூடியதும் பின்கையை விட்டேன். பாய் படபடவென்று அடித்தது, போர்டு நின்றுவிட்டது. ‘அப்பாடா’ என்று மறுபடி பாயை இழுத்துப் பிடித்த நொடியில், முன்பைவிட பலமாகத் தூக்கி எறிந்தது.

பயிற்சியாளர் அண்ணன் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர், நாற்பது வயது இருக்கும். படகை பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, “தம்பி, நீ காத்த நிறுத்தப் பாக்குற. அது நிக்காது. நீதான் அது கூடப் போகணும்” என்றார்.

சைக்கிள் சொல்லும் கணக்கு

“அது எப்படிண்ணே, காத்து பலமா வரும்போது நாமளும் வேகமாப் போறது?” என்று கேட்டேன். கரைக்கு வந்ததும் சைக்கிளை வைத்து விளக்கினார்.

பின்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? காற்றே இல்லாத மாதிரி இருக்கும். நின்று பாருங்கள், சட்டை படபடக்கும். காற்று குறையவில்லை. நீங்களும் அதன் திசையிலேயே போனதால், உங்கள் மேல் படுவது குறைந்தது. பாயும் அப்படித்தான். நிஜக் காற்றை அது உணர்வதில்லை, போர்டின் வேகம் போக மிச்சமிருக்கும் காற்றைத்தான் உணர்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று 30 கி.மீ வேகத்தில் நேர் பின்னாலிருந்து வருகிறது. போர்டு 15-ல் போகிறது. பாய்க்குப் படுவது 15 மட்டுமே. இப்போது காற்று 40 ஆகிறது. கூடவே ஓடவிட்டால் போர்டு 22-க்கு ஏறும் என்று வைத்துக்கொள்வோம். பாய்க்குப் படுவது 18. அதாவது 3 கி.மீ தான் கூடியிருக்கிறது. பயந்துபோய் போர்டை நிறுத்தினால்? முழு 40-ம் பாயில் விழும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், 18-க்கும் 40-க்கும் இடையே இழுவிசை ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசப்படும். மூன்றாவது முறை என்னைத் தூக்கி எறிந்தது இந்த ஐந்து மடங்குதான். பிரேக் போட்டதாக நினைத்து, காற்றுக்கு முழு பலத்தையும் நானே கொடுத்திருக்கிறேன்.

கூடினா இறங்கு, கொறஞ்சா ஏறு

காற்று போகும் திசைக்குப் போர்டைத் திருப்புவது ‘இறங்குவது’. காற்று வரும் திசைக்குத் திருப்புவது ‘ஏறுவது’. அண்ணன் சொல்லிக்கொடுத்த சூத்திரம் ஒரே வரிதான்: “காத்து கூடினா இறங்கு, கொறஞ்சா ஏறு.”

குறுக்குக் காற்றிலோ எதிர்க் காற்றிலோ போகும்போது, காற்று கூடினால் கொஞ்சம் ஏறினால் பாயின் இழுவை குறையும். அந்தப் பழக்கத்தில் பின்காற்றிலும் ஏறப் பார்ப்போம். அங்கேதான் வினை. பின்காற்றிலிருந்து ஏறும்போது, குறுக்குக் காற்றின் முழு இழுவை உள்ள கோணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். காற்று பலமாக இருக்கும் நேரத்தில், பலமான கோணத்துக்கு நாமே போய் நிற்கிற மாதிரி. அதனால் காற்று கூடும்போது தயங்காமல் இறங்க வேண்டும். பாதியில் யோசித்து நிற்கக் கூடாது.

அதற்கு உடம்பு என்ன செய்ய வேண்டும்?

* பின்னால் திரும்பிப் பாருங்கள். காற்று வருவதற்கு முன் தண்ணீரில் அதன் நிழல் வரும். சிற்றலைகள் எழுந்து கருத்த திட்டாக நகர்ந்து வரும். பின்காற்றில் அது முதுகுப் பக்கம் வருவதால், பல பேர் பார்ப்பதே இல்லை.

* திட்டு நெருங்கும்போதே முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்துங்கள். ஒரு காலை அரை அடி பின்னால் வையுங்கள். மூக்கு குத்தாமல் இருக்க இதுதான் காப்பு.

* நேர் பின்காற்றில் பாதங்கள் போர்டின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் இருக்கட்டும். பாய் உங்களுக்குக் குறுக்கே, கைகள் நீட்டியபடி. பாயை வலப்பக்கம் சாய்த்தால் போர்டு இடப்பக்கம் திரும்பும், இடப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம்.

* பூமை நெஞ்சோடு அணைக்காதீர்கள். அதிகமாகத் தோன்றினால் பின்கையைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். முழுசாக விட்டுவிட்டால் போர்டு நின்றுவிடும், பிறகு என் மூன்றாவது விழுகைதான்.

* பழகுநர் போர்டில் நடுவில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ‘டாகர்போர்டு’ பலகையை முன்பே மேலே மடக்கிவிடுங்கள். வேகத்தில் அது கீழே இருந்தால் போர்டு ஒரு பக்கமாகப் புரளும்.

* காற்று அடங்கும்போது எச்சரிக்கை. போர்டு பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், பாய்க்கு மட்டும் காற்றே இருக்காது. பின்னால் சாய்ந்திருந்தால் மல்லாக்கத்தான். உடனே எடையைப் போர்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, பாயைக் கொஞ்சம் அருகே இழுத்து, லேசாக ஏறுங்கள். இழுவை திரும்பிவிடும்.

மறுநாள் காலை இதையே செய்துபார்த்தேன். கருத்த திட்டு வந்தது. குனிந்தேன், இறங்கினேன். போர்டு சர்ரென்று பாய்ந்தது. கையில் இருந்த பாயோ லேசாகிப்போனது! ‘வேகமாப் போனா பாரம் குறையும்’ என்பதைக் கணக்கில் நம்பியது வேறு, கையில் உணர்ந்தது வேறு. அன்று இரண்டு முறைதான் விழுந்தேன்.

இறங்கினது சரி... திரும்பி வரணுமே?

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்தேன். திரும்பிப் பார்த்தபோது கரையிலிருந்த பனைமரங்கள் தீக்குச்சி அளவில் தெரிந்தன.

காற்றை எதிர்த்து நேராக வர முடியாது. சுமார் 45 டிகிரி கோணத்தில் வளைந்து வளைந்துதான் வர வேண்டும். ஒரு கிலோமீட்டர் இறங்கினால், கச்சிதமாக ஓட்டுபவருக்கே ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். என்னைப் போன்ற கற்றுக்குட்டிக்கு இன்னும் அதிகம், வேகமும் குறைவு. அதிலும் அன்றைய காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. இறங்க இறங்க ஆழம், அதையும் தாண்டினால் இலங்கைக் கடல் எல்லை. கை ஓய்ந்துபோய், கடைசியில் படகில்தான் கரை வந்தேன். அண்ணன் திட்டவில்லை. “கூடப் போன்னு சொன்னேன். எங்க நிறுத்தணும்னு நீ கேக்கவே இல்லையே” என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்!

அதனால், தொழில்நுட்பத்துக்கு முன்னால் சில விதிகள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள். கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றில், மீட்புப் படகு இல்லாமல் இறங்கவே வேண்டாம். முதலில் காற்றை எதிர்த்துக் கொஞ்ச தூரம் ஏறி, பிறகு இறங்கிப் பழகுங்கள். களைத்துப்போகும்போது புறப்பட்ட இடத்துக்கு வந்திருப்பீர்கள். சமாளிக்க முடியவில்லை என்றால் பாயை முன்னால் தண்ணீரில் போட்டுவிட்டு, போர்டில் உட்கார்ந்து கையை ஆட்டுங்கள். போர்டு மிதக்கும். அதை விட்டுவிட்டு நீந்திக் கரை சேரலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். வானிலை செயலியில் சராசரிக் காற்றை மட்டும் பார்க்காமல், ‘கஸ்ட்’ என்ற எண்ணையும் பாருங்கள். அதுதான் நம் ‘இடையிடையே’. சராசரி 20, கஸ்ட் 30 என்றால், நின்ற இடத்தில் பாயின் இழுவை இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். புதிதாகக் கற்பவர்களுக்கு அது கரையில் உட்கார்ந்து டீ குடிக்கிற நாள்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னதிலிருந்து அம்மா வானிலை அறிக்கையைத் தவறவிடுவதில்லை. அடுத்த முறை நான் கிளம்பிப் போயிருந்தபோது காலையிலேயே போன் வந்தது.

“டேய், இடையிடையே 55-ஆம்டா!”

அன்று நான் கடலில் இறங்கவில்லை.