நட்சத்திரேசன் நம் வாசலில்!

தோழரே,

ஊர்ப் பொட்டலில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திரன் நாடகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முடி இழந்தான், நாடு இழந்தான், காசித் தெருவிலே கட்டிய மனைவியையும் பெற்ற மகனையும் விலை கூறி விற்றான், கடைசியில் தன்னையும் விற்றுச் சுடலை காத்தான். எதற்காக? கடனுக்காக! முனிவனின் ஆளாக வரும் நட்சத்திரேசன், அவன் நடந்தால் நடந்து, நின்றால் நின்று, ‘எடு பணத்தை!’ என்று நச்சரிப்பான். அவனைக் கண்டு கூட்டம் சிரிக்கும். சந்திரமதி விலைபோகும்போது அதே கூட்டம் கண்ணீர் வடிக்கும். நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் அந்தச் சிரிப்பையும் அந்த அழுகையையும் பலமுறை கூர்ந்து கவனித்திருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அந்தக் கூட்டத்திலே எவரும் எழுப்பி நான் கேட்டதில்லை: ‘அந்தக் கடன் நியாயமான கடன்தானா?’

கேளாத பழக்கம் மேடையோடு முடிந்துவிடவில்லை. இன்று நட்சத்திரேசன் நம் தெருவுக்கே வந்துவிட்டான். காலையிலே தண்டல்காரராக வருகிறான். வாரத்தில் ஒருநாள் குழுக் கடன் வசூலுக்கு வருகிறான். நள்ளிரவிலே கைப்பேசிச் செயலியின் மிரட்டலாக ஒலிக்கிறான். வாசலில் நின்று அவன் வசை பாடும்போது, பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள்? ‘வரவறியாமல் செலவு செய்தால் வேறென்ன நடக்கும்?’ என்கிறார்கள்.

வரவறிந்து செலவு செய்! கேட்பதற்கு இனிக்கும் அறிவுரை. வள்ளுவரையும் துணைக்கு இழுப்பார்கள். வருவாய் சிறிதானாலும், செலவு அதனைத் தாண்டிப் பெருகாவிடில் கேடில்லை என்று குறள் கூறுகிறதே என்பார்கள். உண்மைதான், கூறுகிறது. ஆனால் தோழரே, அந்தக் குறள் எங்கே இருக்கிறது? பொருட்பாலில், அரசியலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் இருக்கிறது. அரசனுக்குச் சொன்ன அறிவுரையை அன்றாடங்காய்ச்சியின் தலையில் ஏற்றிவிட்டு, அரசனை விட்டுவிட்டார்கள்!

அன்றாடங்காய்ச்சியின் கணக்கை நாம் திறந்து பார்ப்போம். நம் ஊர்களில் ஆயிரக்கணக்கில் காணக்கூடிய ஒரு வீடு. கணவன் கொத்தனார், மனைவி சித்தாள் வேலைக்குப் போகிறவள், குழந்தைகள் இருவர். குடிப்பழக்கம் இல்லை, சூதாட்டம் இல்லை. சித்திரையிலும் வைகாசியிலும் கை நிறைய வேலை. ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியதும் சாரம் ஏற ஆளில்லை, கூலி இல்லை. வரவு மழைக்கு நிற்கிறது. வாடகை நிற்குமா? அரிசி நிற்குமா? பள்ளிக் கட்டணம் நிற்குமா? ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வரவும் செலவும் சரியாக இருக்கலாம். ஆனால் பசி ஆண்டுக் கணக்குப் பார்ப்பதில்லை; அன்றாடம் வருகிறது.

அந்த மழை மாதத்திலே இளைய குழந்தைக்குக் காய்ச்சல். அரசு மருத்துவமனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தொலைவிலே. நள்ளிரவிலே குழந்தையின் உடல் அனலாய்க் கொதிக்கும்போது தாய் எது அருகிலோ அங்கேதான் ஓடுவாள். மூன்று நாள் படுக்கை; முன்பணம்; ஊசி; சோதனை. காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போகிறது. குழந்தை பிழைத்தது. தோடு? வட்டி கட்ட முடியாமல் மூழ்கிப் போனது!

இனி அடகு வைக்கப் பொருளில்லை. பொருளில்லாதவளுக்கு யார் கடன் தருவார்? ‘நாங்கள் தருகிறோம்’ என்று வருகிறது குழுக் கடன். பொன் வேண்டாம், பத்திரம் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்களின் பொறுப்பு போதும். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதாவது, அடகுக்குப் போனது தோடு அல்ல, அவளுடைய மானம்! தவணை நாளில் பணமில்லையென்றால் வெளியூர்க்காரன் திட்டுவதற்கு முன்பே, நேற்றுவரை குழம்பு கொடுத்து வாங்கிய அக்காள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த முகத்தைக் காணத் துணிவின்றி அவள் தண்டல்காரரிடம் போகிறாள். குழுக் கடனைக் கட்டத் தண்டல்; தண்டலைக் கட்ட மற்றொரு குழு; அதனைக் கட்டக் கைப்பேசிக் கடன். குடும்பம் கடனில் வீழ்வது இப்படித்தான். ஆடம்பரம் என்னும் மலையுச்சியிலிருந்து குதித்து அல்ல, படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஒரு நியாயமான காரணத்தோடு!

அந்தத் தண்டல் கணக்கைச் சற்றுப் பாருங்கள். பத்தாயிரம் கடன் என்று பேச்சு. பிடித்தம் போகக் கையில் தருவது 8,500 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாளில் பத்தாயிரம் கட்ட வேண்டும். ‘நூற்றுக்குப் பதினைந்துதானே?’ என்று தோன்றும். இல்லை. முதல் நாள் தொட்டே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள் அல்லவா? நாளுக்கு நாள் குறையும் பாக்கிக்கு முறையாகக் கணக்கிட்டால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 120 ரூபாய் வட்டி! பத்துப் பைசா வட்டி என்கிறார்களே, ரூபாய்க்கு மாதம் பத்துப் பைசா, அதுவும் ஆண்டுக்கு 120தான். பைசா என்று சொன்னால் சிறிதாகத் தெரிகிறது. நாள் என்று சொன்னால் எளிதாகத் தெரிகிறது. ஒரு பவுண்டு சதை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டான் ஷேக்ஸ்பியர் படைத்த ஷைலக். நம் ஊர் ஷைலக் நாளொரு துண்டாக அறுக்கிறான். அறுபடுகிறவளுக்கே அளவு தெரிவதில்லை!

‘இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?’ உண்டு. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, வட்டிக்காரர் பிடியிலிருந்து உழவனை மீட்க. அரை நூற்றாண்டு கழிந்து, 1951-52-ல் அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு நடந்தது. உழவர் வாங்கிய கடன் நூறு ரூபாய் என்றால், கூட்டுறவு தந்தது மூன்று ரூபாய். லேவாதேவிக்காரர் தந்தது ஏறத்தாழ எழுபது ரூபாய்! அதன்பின் வங்கிகள் நாட்டுடைமையாயின, கிளைகள் பெருகின. ஆயினும் 2019-ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு என்ன சொன்னது? இந்தியச் சிற்றூர்களில் நூற்றுக்கு 35 குடும்பங்கள் கடனில் இருந்தன என்று சொன்னது.

தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுத்தது. மூன்றாண்டுச் சிறை என்றது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், கணவன், மனைவி, இரு பெண் குழந்தைகள், தீயில் கருகியது. கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனுக் கொடுத்த குடும்பம் என்று ஏடுகள் எழுதின. சட்டம் புத்தகத்தில் இருந்தது; மனு கோப்பில் இருந்தது; நெருப்பு குழந்தையின் மேலே இருந்தது!

2022-ல் ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வகுத்தது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரையுள்ள குடும்பத்தின் கடன் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. நல்லது, ஆனால் தண்டல்காரரின் சிவப்பு அட்டை எந்த வங்கியின் ஏட்டில் ஏறும்? மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவது யார்?

இங்கேதான் நம் வீட்டுக் குப்பையையும் நாமே கிளற வேண்டும். மேடையிலே கந்துவட்டியைச் சாடிவிட்டு, கீழே இறங்கியதும் வட்டிப் பணத்தில் வாங்கிய மாலையைக் கழுத்திலே ஏற்கலாமா? நம் கொடி பறக்கும் வண்டியில் ஒருவன் வசூலுக்குப் போவானாயின், அவன் எவ்வளவு நன்கொடை தந்தாலும் நம்மவன் அல்லன் என்று சொல்லும் துணிவு கிளைதோறும் வேண்டும். 1967-ல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியவர்களின் வழிவந்தோம் நாம். மாலை மாற்றினால் போதும் என்ற திருமணத்துக்கு மண்டபம், மின்விளக்கு, முந்நூறு பதாகை! தலைவர் வந்து வாழ்த்தினார் என்ற பெருமை ஒருநாள். அந்தப் பந்தலின் கடன் எத்தனை ஆண்டு? அறிவுரை சொல்வதென்றால் அன்றாடங்காய்ச்சிக்கு அல்ல, முதலில் நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்.

தோழரே, ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் வசூல்காரனின் குரல் உயரும்போது கதவைச் சாத்தாதீர்கள். வெளியே வாருங்கள். இருவராக நில்லுங்கள், பத்துப் பேராக நில்லுங்கள். ‘கையில் எவ்வளவு கொடுத்தாய்? இதுவரை எவ்வளவு வாங்கினாய்? கணக்கைக் காட்டு!’ என்று கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவளுக்கு எழுதிக் கொடுங்கள். காவல் நிலையத்துக்குத் தனியே போக அஞ்சுகிறவளோடு துணைக்குப் போங்கள்.

அரிச்சந்திரனுக்காக விடிய விடிய அழுத ஊர் இது. அவன் காசித் தெருவில் நின்றபோது, கூட்டத்திலிருந்து ஒரே ஒருவன் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், சந்திரமதி விலைபோயிருக்க மாட்டாள். அந்த ஒருவன் நீங்களாக இருங்கள்!