ஒரு தரம் இருந்து சாப்பிடுவோம்



கடந்த மாதம் எங்கள் குழுவைச் சேர்ந்த நான்கு பேருடன் ஓர் அலுவலாக வவுனியாவுக்குப் போயிருந்தேன். பறயனாளங்குளம் வழியாகப் போகும் அந்தப் பஸ் பயணம் உங்களில் பலருக்குப் பழக்கமானதுதான். அலுவல் முடிய மதியம் கடந்துவிட்டது. வழமையாக இப்படியான நேரத்தில் பணிஸ் ஒன்றை வாங்கி, பஸ் நிலையத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஏறிவிடுவோம். அன்று நான், "அம்மாச்சிக்குப் போவம்" என்றேன்.

அம்மாச்சி உணவகம் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் வடக்கில் பெண்கள் நடத்துவது. தெற்கில் 'ஹெல போஜுன்' என்ற பெயரில் இருப்பதும் இதே முறைதான். வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி ஆகிய இடங்களில் பலருக்கும் தெரிந்த கடைகள் இவை. தோசை, இடியப்பம், பிட்டு, இலைக்கஞ்சி என்று எங்கள் ஊர்ச் சாப்பாட்டைக் கண்முன்னே சுடச்சுடச் செய்து தருவார்கள். இத்தாலியில் குடும்பமாக நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடையைத் 'திராத்தோரியா' என்பார்கள். அங்கேயும் ஆடம்பரம் இராது. வீட்டுச் சமையலை நம்பித்தான் அயலவர்கள் போவார்கள்.

எல்லோரும் இருந்துவிட்டோம். பேசாலை அக்கா மட்டும் இருக்கவில்லை. "எனக்கு வேண்டாம் மிஸ். பிள்ளைகளுக்கு ஒரு பார்சல் கட்டினால் போதும்" என்றார். அவருடைய கணவர் 2008 இல் காணாமற்போனவர். வற்புறுத்திக் கேட்டபோது மெதுவாகச் சொன்னார்: "புருசன் எங்கே என்று தெரியாதவள் கடையில இருந்து சாப்பிடுறாள் என்று சனம் கதைக்கும்."

எனக்குப் பதில் வரவில்லை. பிட்டு அவித்துக்கொண்டிருந்த அம்மாதான், "இங்க சமைக்கிறதும் பொம்பிளையள், சாப்பிடுறதும் பொம்பிளையள். இரு பிள்ளை" என்றார். அக்கா இருந்தார். ஆவி பறக்கும் பிட்டில் இரண்டு வாய் எடுத்த பிறகு, "வேறொருத்தி சமைச்சதைச் சூட்டோட சாப்பிட்டு எத்தனை வருசம்" என்றார். கண் கலங்கியிருந்தது. நாங்கள் பேச்சை மாற்றினோம்.

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா அந்த அம்மாவிடம் விலை, மா, தேங்காய் எல்லாம் விசாரிக்கத் தொடங்கினார். அவரும் வீட்டில் அப்பம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர்தான். "உன்ர கூலியைக் கணக்கில போடுறனியோ?" என்று அந்த அம்மா கேட்டார். அக்கா முழித்தார். மா, தேங்காய், விறகு மூன்றும்தான் அவருடைய கணக்கு. விடிய மூன்று மணிக்கு எழும்பி அடுப்படியில் நிற்கும் நேரத்துக்கு விலையே இல்லை.

வீட்டிலிருந்து உணவு செய்து விற்கும் சகோதரிகளே, ஒரு கொப்பி எடுங்கள். பொருட்களின் செலவு, எரிபொருள், பார்சல் தாள், போக்குவரத்து, கடைசியாக உங்கள் கூலி. இந்த ஐந்தையும் நாளாந்தம் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் எது லாபம், எது வெறும் உழைப்பு என்று விளங்கும். அதன் பிறகு விலை பேசுங்கள்.

கையில் காசில்லாத நாளிலும் கடைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சட்டியிலேயே வழித்து நின்றபடி சாப்பிடும் பழக்கம் எனக்கும் இருந்தது. வீட்டிலாவது ஒரு நாள், ஒரு கோப்பையில் போட்டு, பக்கத்து வீட்டுச் சகோதரியையும் கூப்பிட்டு, இருந்து சாப்பிடுங்கள்.

அக்கா பிள்ளைகளுக்குப் பார்சலும் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினார். முருங்கன் தாண்டும்போது, "மிஸ், அப்பத்துக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்கப் போறன்" என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.